காசிமேட்டில் எங்கே நிற்பது?
வடசென்னையில் படமெடுப்பது பற்றிக் கேள்வி-பதில்

பிப்ரவரியில் கல்யாணம். கடல் பின்னால் தெரிய, சூரிய உதயத்தில் ஜோடியாக ஒரு படம் வேண்டும். காசிமேட்டில் எந்த இடம் நல்லது?
– மணப்பெண், திருவொற்றியூர்

வாழ்த்துகள்! இடம் சரிதான், நேரத்தை மாற்றுங்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சூரியனும் முதுகுப் பக்கம்தான். கடல் தகதகவென்று ஜொலிக்கும், மாப்பிள்ளை முகம் கருத்துப்போகும். கல்யாணத்துக்கு முன்பே அவரை இருட்டில் நிறுத்த வேண்டாமே! சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வாருங்கள். வெயில் ஊர்ப் பக்கமிருந்து சாய்ந்து வந்து இருவர் முகத்திலும் விழும், பின்னால் கடல் நீலமாக இருக்கும். காலை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். தலையில் கூடையோடு ஓடி வருகிற அம்மாவுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அவர் வழியில் நின்று எடுக்கிற படம் எவ்வளவு அழகாக வந்தாலும் வேண்டாம்.

அலைத்தடுப்புப் பாறைகளில் ஏறாதீர்கள். பாசி வழுக்கும். பட்டுப்புடவையோடு என்றால் நினைத்தே பார்க்காதீர்கள்.

மீன் வாடை படத்தில் தெரியுமா?
– மாப்பிள்ளையின் நண்பர், அண்ணா நகர்

வாடை தெரியாது. மூக்கைச் சுளித்தால் அது தெரியும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் வரிசையாக நிற்குமே. அப்போது வந்தால் நல்ல பின்னணி கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்றுதான் இந்தத் தடை. அந்த நாட்களில் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜின் பார்ப்பார்கள், வலை சரிசெய்வார்கள். சித்திரை வெயிலில் படகு நிழல்தான் உங்கள் ஸ்டூடியோ. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பச்சைப் படகை ஒட்டி நின்றால், அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கன்னத்தையும் பச்சையாக்கிவிடும். நீலப் படகென்றால் உதடே நீலமாகத் தெரியும். படகைவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். எதிரே வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் போதும், தோலின் நிறம் சரியாக வந்துவிடும். வாடகைக்கு ரிஃப்ளெக்டர் எடுக்க வேண்டியதில்லை.

அங்கே வலையின் நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, ஊசியை உள்ளே விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவார் ஒரு பெரியவர். அவர் கைகளைப் படமெடுக்க ஆசை வரும். கேமராவைத் தூக்குமுன் "அண்ணே, எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வருமானம் நின்றுபோன நாட்களில் அவரைப் பார்க்கிறீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள்.

ராயபுரம் ரயில் நிலையத்தில் எடுக்கலாமா? பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் போதாதா?
– கேமராவும் ஆசையும் உள்ளவர், வண்ணாரப்பேட்டை

போதாது. பிளாட்பாரம் டிக்கெட் உங்களை உள்ளே விடும், படப்பிடிப்புக்கு அனுமதி தராது. அதற்குத் தெற்கு ரயில்வேயிடம் முறையாக எழுதி வாங்க வேண்டும். அந்த மெனக்கெடலுக்குத் தகுதியான கட்டடம்தான் அது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தூண் வரிசையை நேராகப் பார்த்து எடுக்காமல் ஓரமாக நின்று எடுங்கள். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும், கண் தானாக முகத்துக்கு வரும். தண்டவாளத்தில் இறங்காதீர்கள். அது குற்றம், அதைவிட உயிர் பெரிது.

ட்ரோன்?
– அவசரத்தில் இருப்பவர், எர்ணாவூர்

துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கும் ஊர் இது. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோன் இறங்கும்போது போலீஸும் வந்திருக்கும்.

'வட சென்னை' பட பாணியில் கையில் கத்தியோடு ஒரு போர்ட்ரெய்ட். எந்தச் சந்து பொருத்தமாக இருக்கும்?
– ரசிகர், வேளச்சேரி

எந்தச் சந்தும் வேண்டாம் தம்பி. நீங்கள் படம் எடுத்துக்கொண்டு வேளச்சேரிக்குப் போய்விடுவீர்கள். இங்கே இருக்கும் பையன் நேர்முகத் தேர்வில் காசிமேடு என்று முகவரி சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதற்கு, இப்படிப்பட்ட படங்களும் ஒரு காரணம்.

கத்திக்குப் பதில் ஸ்ட்ரைக்கரை எடுங்கள். பக்கத்துச் செரியன் நகரில் கேரம் ஆடி வளர்ந்த காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். கேரம் போர்டுக்கு மேலே தாழத் தொங்குகிற பல்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெளிச்சம் பலகையில் பட்டு, குனிந்திருக்கிற முகத்தில் கீழிருந்து மென்மையாக ஏறும். பெரிய ஸ்டூடியோவில் நாலு விளக்கு வைத்து வரவழைக்கிற வெளிச்சம் அது.

எண்ணூர் கழிமுகத்தில் புகைபோக்கிகள் பின்னால் தெரிய, தண்ணீரில் நின்று ஃபேஷன் படம் எடுக்க ஆசை. சரியாக வருமா?
– உடை வடிவமைப்பாளர், நுங்கம்பாக்கம்

படம் சரியாகவே வரும். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இதே கழிமுகத்தில் படர்ந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்துப்போயின. மீனவர்கள் வாளியும் மக்குமாக அந்த எண்ணெயை அள்ளினார்கள். இடுப்பளவு தண்ணீரில் மூழ்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அதே நீரை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்த அந்தக் கழிமுகத்தை உங்கள் உடைக்கு அலங்காரமாக்காதீர்கள். வரத்தான் வேண்டுமென்றால், அந்த மக்களில் ஒருவர் சம்மதித்தால் அவரை நடுவில் வைத்து எடுங்கள். அந்தப் படத்தில் புகைபோக்கி பின்னால் இருக்கட்டும், அது அங்கே எதற்கு நிற்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும்.

எங்க அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாங்க. அறுபது வயசு ஆகுது. நல்லதா ஒரு போட்டோ எடுத்து வீட்டில் மாட்டணும். கூடையோட, அருவாமனையோட, மார்க்கெட்லயே எடுத்தா இயல்பா இருக்கும்னு போட்டோகிராஃபர் சொல்றார். எடுக்கட்டுமா?
– மகள், காசிமேடு

அம்மாவைக் கேட்டீர்களா? அந்த இடத்தில்தான் அவர் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது. அங்கேயே எடுத்துக்கொள்ள அவருக்குப் பெருமையாக இருக்கலாம். அல்லது, ஒரு நாளாவது அருவாமனை இல்லாமல், பட்டுப்புடவை கட்டி, மல்லிகை வைத்து, கடற்கரையில் காற்று வாங்குகிறவராகத் தெரிய ஆசைப்படலாம். இரண்டும் இயல்புதான். எது என்று முடிவு செய்வது அவர், போட்டோகிராஃபர் இல்லை.

மார்க்கெட் என்று சொன்னால், நீலத் தார்ப்பாய்க்கு நேர்கீழே உட்காரவைக்காதீர்கள், முகம் நீலம் பாய்ந்துவிடும். தார்ப்பாய் முடிகிற ஓரத்துக்குக் கூடையை நகர்த்துங்கள். வெளிச்சம் அங்கே பக்கவாட்டில் வரும், மூக்குத்தி மின்னும். வியாபாரம் ஓய்ந்த பிறகு எடுங்கள், பக்கத்துக் கடை அக்காமார் கிண்டல் செய்யட்டும், அம்மா சிரிக்கும்போது அழுத்திவிடலாம். கடற்கரை என்று சொன்னால் திருவொற்றியூர் மணப்பெண்ணுக்குச் சொன்ன அதே சாயங்கால நேரம்தான். பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் பின்பக்கம் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி மாட்டுங்கள், உப்புக்காற்று படத்தைச் சீக்கிரம் கெடுத்துவிடும். சின்ன அளவில் இன்னொரு பிரதி எடுத்து அம்மா கையில் கொடுங்கள். பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் காட்ட வேண்டாமா?