தொட்டிலுக்கு அடியில ஒரு தொட்டில்

மறுக்காவும் கொல்லிமலைக்குப் பொறப்பட்டுட்டியாக்கும்? போ கண்ணு, போ. 70 கொண்டை ஊசி வளைவும் உன்னக் காணாம ஏங்கிப்போய்க் கெடக்குது. பெங்களூருல பன்னெண்டாவது மாடியில, ஏசி ரூம்புல, மொழங்கால் ஒசர மெத்தையில படுக்கற ஆளு, லீவு உட்டா காப்பித் தோட்டத்துல ரெண்டு மரத்துக்கு நடுவுல தொட்டில் கட்டிப் படுக்கறே. கேட்டா ஹம்மாக்குங்கறே. உங்கப்பனுக்கு உங்கப்பத்தா பழைய சீலையில கட்டினதும் அதேதான். அவன் அதுக்குள்ள படுத்துக் கெடந்தப்ப ஊரு கொஞ்சுச்சு, நீ படுத்தா ஊரு சிரிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, மூட்டையை அக்கட்டால வெய்யி. சித்தெ இந்தத் திண்ணையில குக்கு. ரெண்டு தரம் போயி ரெண்டு தரமும் பட்டுட்டு வந்தவன் நீ. மூணாந்தரமாச்சும் முழுசாத் தூங்கிட்டு வா.

மொதத் தரம் என்ன பண்ணினே? மேல போத்திக்கச் சென்னிமலைப் போர்வை ரெண்டு. அடியில விரிக்கப் பவானி ஜமுக்காளம் ஒண்ணு. கொங்கு நாட்டுத் தறியெல்லாம் ஒட்டுக்காத் தூக்கிக்கிட்டுப் போனாப்பல போனே. கருக்கல்ல போன் பண்ணி, “அப்பாரு, இங்க 15 டிகிரிதான் காட்டுது, ஆனா முதுகு வெறைச்சுப் போச்சு”ன்னு அழுவாத கொறை. பதினஞ்சு டிகிரி ஒரு குளுரா? ஊட்டிக்காரன் கேட்டா சொக்காயைக் கழட்டித் தோள்ல போட்டுக்குவான். உங்கப்பனும் சிரிச்சான். நான் சிரிக்கல. ஏன்னா உன்ற முதுகு பொய் சொல்லல கண்ணு.

தரையில படுத்தா, தரை கொஞ்ச நேரம் உன்ற சூட்டைத் தின்னுட்டு வயிறு ரொம்பிச் சித்தெ அடங்கும். தொட்டில்ல அப்புடியில்ல. அடியில காத்து ஓடிக்கிட்டே இருக்குது. ஒரு காத்து உன்ற சூட்டை வாங்கிட்டுப் போவும், அதும் பின்னாலயே அடுத்த காத்து கையை நீட்டும். சந்தை நாளுல கடன்காரங்க வரிசை கட்டி வர்றாப்பல. ஒருத்தனுக்குக் குடுத்து முடிஞ்சுதுன்னு உக்கார முடியாது. அதனாலதான் தரையில வேர்க்கற அதே ராத்திரி, தொட்டில்ல முதுகு சில்லுங்குது.

“அதுக்குத்தான் ஜமுக்காளம் விரிச்சேனே”ங்கறே. அங்கதான் படிச்ச புள்ளைக வழுக்கி உழுவுறது. போர்வை சூடு குடுக்கும்னு ஆரு சொன்னது? சூடு உன்றது. போர்வை அதுக்குக் காவக்காரன். அந்தக் காவலையும் துணி பாக்கறதில்ல, துணிக்குள்ள மாட்டிக்கிட்ட காத்துத்தான் பாக்குது. அந்தக் காலத்துல ஊட்டுக்குப் பஞ்சடிக்கறவர் வருவாரு. ஒரு கூடைப் பஞ்சை வில்லுல அடிச்சு ரூம்பு நெறையப் பொங்க வெச்சுட்டுப் போவாரு. பஞ்சா கூடுச்சு? காத்துத்தான் கூடுச்சு. அந்தப் பஞ்சுல தச்ச மெத்தையில பத்து வருசம் படுத்தம்னா அதுவும் கருங்கல்லாட்டப் போயிரும். பஞ்சு அப்புடியேதான் இருக்குது, காத்து வெளிய போயிருச்சு.

நீ தொட்டிலுக்குள்ள என்னத்தை விரிச்சாலும், உன்ற 80 கிலோவும் அது மேலதான் ஏறும். நசுங்கின எடத்துல காத்து ஏது, காவல் ஏது? சிலீப்பிங் பேக்குன்னு ஒண்ணு விக்கறாங்களே, அதுவும் இதே கதைதான். மேல் பாதி வேலை பாக்கும், கீழ் பாதி உன்னக் கட்டிக்கிட்டுத் தூங்கும்.

அதுக்குத்தான் தொட்டிலுக்கு அடியில, வெளிப்பக்கமா, இன்னொரு தொட்டில் கட்டறது. அண்டர்குவில்ட்டுன்னு நாக்கு சுளுக்கச் சொன்னியே, அது. நம்ம வாய்க்கு அடிப்போர்வை. உன்ற கனம் அதும் மேல உழுவாது. அது உப்புனது உப்புனபடி தொங்கும். கீழ இருந்து வர்ற கடன்காரங்களை வாசப்படியிலயே நிறுத்தி வெக்கும்.

அதை வாங்கறேன்னு ரெண்டாந்தரம் நீ பண்ணின காரியம் இருக்குதே, அதை நெனச்சாத்தான் எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டீங்குது. போன்ல பாத்து அமெரிக்காச் சரக்கு ஒண்ணை வரவழைச்சே. மேல 20 டிகிரின்னு போட்டிருந்துச்சு. “கொல்லிமலை ராத்திரிக்குச் செரியாப் பொருந்துது அப்பாரு”ன்னே. அடே அப்புனு, அது அவங்க ஊரு பாரன்ஹீட்டு. அவங்க கணக்குல தண்ணி கட்டியாவறதே 32. உன்ற 20ங்கறது நம்ம கணக்குல மைனஸ் 7 கிட்ட. பனி மூடின தேசத்துக்குத் தச்சதைக் கொண்டாந்து, பலாப்பழமும் அன்னாசியும் வெளையற மலையில கட்டிப் படுத்தியே, மலைச்சாமி சிரிச்சிருக்காது? நடுச்சாமத்துல வேர்த்துக் கொட்டி, எல்லாத்தையும் உருவி எறிஞ்சுட்டு, அந்த ஈரத்தோட காத்தால நடுங்கினே. ஒரே ராத்திரியில சித்திரையும் மார்கழியும் பாத்துட்டு வந்தவன் நம்ம வம்சத்துலயே நீதான்.

இப்பக் கணக்கைக் கேட்டுக்க. 1000 மீட்டர் ஏறினா சுமாரா ஆறு, ஆறரை டிகிரி கொறையும். கொல்லிமலை மேல்நாடு 1000லிருந்து 1300 மீட்டர் ஒசரம். அடிவாரத்துல ராத்திரி 20ன்னா, மேல 14 பக்கமா இருக்கும்னு வெச்சுக்க. அதுக்கும் கீழ ஒரு அஞ்சு டிகிரி தாராளம் பாத்து வாங்கோணும். ஏன்னா அந்த அட்டையில போட்டிருக்கற நம்பரு பாதிக்குப் பாதி, “சொகமாத் தூங்குவே”ங்கற நம்பரு இல்ல, “விடியற வரைக்கும் தாங்குவே”ங்கற நம்பரு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சொல்ற சம்பளமாட்ட, சித்தெத் தள்ளித்தான் கேக்கோணும்.

அவங்க 50ன்னு போட்டா நமக்கு 10. 40ன்னு போட்டா நாலு, நாலரை. நம்ம மலைக்கு இந்த ரெண்டும் போதும். குளுரு தாங்கற ஒடம்புன்னா 50. ஏசியை ஒரு நம்பரு கொறைச்சா மூணு தும்மல் போடற உன்ற ஒடம்புக்கு 40. அதுக்கும் கீழ போவாதே. சூடு மிஞ்சுனாக் கயித்தைச் சித்தெ எளக்கி உட்டாப் போதும், இடுக்குல காத்துப் பூந்து தணிஞ்சுக்கும். ஆனா மைனஸ் ஏழை எளக்கி எளக்கிக் கொல்லிமலைக்குக் கொண்டாறது, ஆனையைப் பட்டினி போட்டு ஆடாக்கற வேலை.

உள்ள என்ன ரொப்பியிருக்குதுன்னு பாரு. வாத்துத் தூவியா, மெசின்ல செஞ்ச செயற்கைப் பஞ்சான்னு கேளு. தூவி கனமே இல்லாதது. 800ன்னு தரம் போட்ட தூவி வெறும் 28 கிராம், 13 லிட்டர் எடத்தை உப்பி அடைக்குமாம். ஒரு கொடத்துக்குச் சித்தெக் கொறைச்சல். பொட்டலம் கட்டினா ரெண்டு கைக்குள்ள அடங்கிரும். ஆனா நம்ம கோழியைப் பாத்திருக்கியல்ல? குளுருல சிலுப்பிக்கிட்டுப் பந்தாட்ட உக்காந்திருக்கும், ராசாவாட்ட. மழையில நனைஞ்சுட்டா? இறகெல்லாம் ஒட்டிக்கிட்டு, எலும்பும் தோலுமா நடுங்கும். தூவியும் அதே சாதி. நனைஞ்சா உப்பாது, உப்பாட்டிக் காவலில்ல. மெசின் பஞ்சு கனம் சாஸ்தி, வெலை கம்மி, ஈரம் பட்டாலும் கொஞ்சம் வேலை பாக்கும். கொல்லிமலையில மஞ்சு எறங்கினா எதுக்க நிக்கறவன் மூஞ்சி தெரியாது. தார்ப்பாயை ஒழுங்கா இழுத்துக் கட்டத் தெரிஞ்சாத் தூவி வாங்கு. தெரியாதுன்னா மெசின் பஞ்சே வாங்கு. உனக்குத் தெரியாது. நீ மெசின் பஞ்சே வாங்கு.

நீளம் முழுசா வேணும்னு இல்ல. தோள்ல இருந்து மொழங்கால் வரைக்கும் வர்ற முக்கால் போர்வை இந்தக் குளுருக்குத் தாராளம். காலுக்கு அடியில அந்த ஜமுக்காளத்தை மடிச்சு வெச்சுக்க, அதுக்கும் ஒரு மருவாதி வேணுமல்ல. காலுல அழுத்தம் கம்மி, அங்க அது செல்லும்.

நல்ல போர்வையை வாங்கிக் கெட்டதாக் கட்டறவனும் இருக்கறான். தொங்கத் தொங்கக் கட்டினா முதுகுக்கும் போர்வைக்கும் நடுவுல காத்து ஊருவலம் போவும். இறுக்கிக் கட்டினா நசுங்கி, பழைய கதைதான். எலாஸ்டிக் கயித்தைக் கூட்டிக் கொறைச்சு, கன்னுக்குட்டி மடியில மூக்கு வெச்சாப்பல ஒட்டியும் ஒட்டாம நிக்கோணும். நீ படுத்ததும் சிநேகிதனைக் கூப்பிட்டு நடுவுல கையை உட்டுப் பாக்கச் சொல்லு. ரெண்டு தலைப்புலயும் சுருக்குக் கயிறு இருக்கும், அதை இழுத்து எலிப்பொந்தை அடைச்சாப்பல அடை. சூடு திருடு போறது அந்த வழியிலதான். இன்னொரு லாபமும் இருக்குது. மெல்லுசுத் துணி வழியா முதுகுல கடிக்கற கொசுவும் அதோட ஏமாந்து போயிரும்.

மேலுக்கு? ஒண்ணும் வாங்காதே. முதுகில்லாம, காலுக்கு மட்டும் பையாட்டத் தச்ச மேப்போர்வை விக்கறாங்கதான். நசுங்கப் போற பாதியை வெட்டி எறிஞ்சது புத்திசாலித்தனம், நான் ஒத்துக்கறேன். ஆனா நம்ம மலைக்குச் சென்னிமலைப் போர்வை ரெண்டும் ஒரு மப்ளரும் போதும். வேணும்னா உங்கப்பத்தா சீலையை நாலா மடிச்சுப் போத்திக்க. காசைக் கீழ போடு, மேல மிச்சம் புடி.

மரத்தைப் பாத்துக் கட்டு. மொளகுக்கொடி ஏத்தின மரத்துல கட்டினாத் தோட்டக்காரன் உன்னயே அதுல ஏத்திக் கட்டுவான். பலா மரத்துல முசுறு இருக்குதான்னு அண்ணாந்து பாரு. பட்டை உரியாம அகலமான நாடாப் போட்டுச் சுத்து. ரொம்ப விறைப்பா இழுக்காம 30 டிகிரிச் சாய்வுல தொங்க உடு. குறுக்குச் சாய்மானமாப் படு, முதுகு வாழக்காயாட்ட வளையாது. தெரிஞ்சவங்க தோட்டத்துல மட்டும் கட்டு. பாரஸ்ட்காரங்க எடத்துல கேக்காமக் கட்டினா, விடியறப்ப உனக்குக் கச்சேரியிலதான் காப்பி.

கடைசியா ஒண்ணு. அந்த மைனஸ் ஏழை மறுக்கா எங்கயும் தூக்கிக்கிட்டுப் போவாதே. வித்தாப் பாதி வெலை கூட வராது. களத்துல கெடக்கற என்ற கயித்துக்கட்டிலும் ஒரு ஹம்மாக்குத்தான் கண்ணு. மார்கழியில கயித்து இடுக்குல பூந்து வர்ற காத்து, என்ற வயசான முதுகை அம்பது வருசமா அரிச்சுக்கிட்டு இருக்குது. போன வாரம் நீ மூட்டையை இங்க வெச்சுட்டுப் போனப்ப, கட்டிலுக்கு அடியில அதைக் கட்டிப் பாத்துட்டேன். அளவு செரியா இருக்குது. கயித்தைக் கூட அவுக்கல.