ஃபாக்ஸ்புரோ அண்ணாச்சி

பாகப் பிரிவினையில் தம்பிக்கு நாலு மரக்கால் விதைப்பாடு கூடப் போனால் போகட்டும் என்று பெருந்தன்மை காட்டுகிறவர்களும், சைவமா வைணவமா என்ற பழைய வழக்கிலேகூட இரு பக்கத்துப் பிரசாதத்தையும் வாங்கி உண்டு சமாதானம் பேசுகிறவர்களும், கணக்கு வழக்குகளைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்க எந்த மென்பொருள் உத்தமமானது என்ற பிரஸ்தாபம் எழுந்த மாத்திரத்தில் முகம் சிவந்து, குரல் உயர்ந்து, எதிரே இருப்பவர் நெடுநாளைய சிநேகிதர் என்பதையும் மறந்து வாதாடத் தொடங்குகிற அதிசயத்தைக் காண விரும்புகிறவர்கள், ஒரு சனிக்கிழமை மாலையில் ஆழ்வார்குறிச்சி மெயின் ரோட்டு டீக்கடைக்கு வரவேண்டும். மற்ற நாட்களில் வந்தாலும் அண்ணாச்சி இருப்பார்; எதிர்வாதம் செய்ய ஆள் இராது, அவ்வளவுதான்.

அண்ணாச்சி என்பவர் ஒரு தனி மனிதர் அல்லர், ஓர் இனம். அம்பாசமுத்திரத்திலும் கடையத்திலும் பாவூர்சத்திரத்திலும் இவரை நான் வெவ்வேறு சட்டைகளில் சந்தித்திருக்கிறேன். 1990-களின் ஆரம்பத்தில், செருப்பை வாசலிலே கழற்றிவிட்டு உள்ளே போகும் ஆசாரத்தோடு கம்ப்யூட்டர் சென்டர்கள் நம் பக்கத்துச் சிற்றூர்களில் தோன்றிய காலத்தில், டிபேஸ் என்ற மென்பொருளைக் கற்று, அங்கிருந்து ஃபாக்ஸ்புரோவுக்கு ஏறி, வட்டிக்கடைக்கு ஒன்றும் ரைஸ்மில்லுக்கு ஒன்றுமாகப் புரோகிராம் எழுதிக் கொடுத்து, அதில் வந்த வரும்படியில் தங்கைக்குக் கல்யாணமும் செய்து வைத்தவர் அவர். அந்த நாளைய ஃபாக்ஸ்புரோ அட்டவணையில் ஒரு கட்டத்தின் பெயர் பத்து எழுத்துக்குமேல் போகலாகாது என்ற விதி அவர் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. பேரனுக்கு வைக்க உத்தேசித்த பெயரை, வீட்டார் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கையில், இவர் இங்கிலீஷ் எழுத்தில் விரல்விட்டு எண்ணிப் பார்த்துப் பதினொன்று வருகிறதென்று ஆட்சேபித்ததாகச் சொல்லுவார்கள். சட்டைப் பையில் சதா ஒரு பென்டிரைவ் இருக்கும். ஊரிலுள்ள அடகு நகைகளின் ஜாதகம் முழுவதும் அதனுள் அடக்கம். இரவில் அது பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் சயனிக்கும்.

எதிர்க்கட்சியார் இரு வகை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் காரியாலயம் போட்ட பிற்பாடு, வேஷ்டியை மடித்துக் கட்டியபடியே மென்பொருள் எழுதலாம் என்ற தைரியம் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மூட்டை கட்டி வந்து, மச்சு வீட்டு அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து, அப்படியே தங்கிவிட்டவர்கள் மற்றொரு சாரார். இவர்களில் ஒருவன் போஸ்ட்கிரெஸ் உபாசகன், இன்னொருவன் ஆரக்கிள் பக்தன், வேறொருவன் அட்டவணை என்பதே பழைய ஆசாரம் என்று மாங்கோடிபியை அனுஷ்டிக்கிறவன். இவர்களுக்குள்ளேயே உட்பிரிவுகள் உண்டு. போஸ்ட்கிரெஸ்காரர்களில் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்கிறவன், சுட்டியால் தொட்டுத் தொட்டு வேலை செய்கிற பிஜிஅட்மின்காரனைத் தீட்டுப்பட்டவனைப்போலப் பார்க்கிறான். அவனோ டிபீவர் என்ற வேறு கருவி வைத்திருப்பவனோடு டீயைக்கூடப் பங்கிட்டுக்கொள்வதில்லை.

இந்த ஊரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். சிம்ப்ஸன் ஸ்தாபனத்தை நடத்தி, 1960-ல் டிராக்டர் கம்பெனியையும் தொடங்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். கருவிகளைச் செய்து குவித்த ஒருவரை நாட்டுக்குத் தந்த ஊர், இப்போது கருவிகளைப் பற்றித் தர்க்கிப்பவர்களை உற்பத்தி செய்கிறது என்று ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. டிராக்டர் செய்வதற்கு முதல் வேண்டும். தர்க்கத்துக்கு ஒரு டீ போதும்.

அண்ணாச்சிக்கும் போஸ்ட்கிரெஸ் பையன் ஒருவனுக்கும் ஒரு சனிக்கிழமை வாதம் பின்வருமாறு நடந்தது.

"ஏல, ஒங்க போஸ்ட்கிரெஸ்ல அழிச்ச ரிக்கார்டு அப்பமே போயிருமா?"

"போகாது அண்ணாச்சி. உள்ளதான் கெடக்கும். வேக்குவம்னு ஒண்ணு வந்து பொறவு கூட்டித் தள்ளும்."

"எங்க ஃபாக்ஸ்புரோலயும் அழிச்சா குறிதான் விழும். ரீகால்னு கூப்பிட்டா திரும்பி வரும். பேக் அடிச்சாத்தான் ஒரேயடியாப் போகும். பேரை மாத்தி வச்சிக்கிட்டு புதுசுங்கியளேடே!"

"எங்களுக்கு அது தானா நடக்கும் அண்ணாச்சி. நீங்க கையால பேக் அடிக்கணும். அடிக்கும்போது கரண்டு போச்சுன்னா?"

"போகாம இருக்கத்தாம்ல பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்சிட்டு அடிக்கது."

அழித்தல், பிற்பாடு கூட்டித் தள்ளுதல் ஆகிய இரண்டிலும் இரண்டு சித்தாந்தங்களும் ஏறக்குறைய ஒன்றையே போதிக்கின்றன என்பது எனக்கே விளங்கியது; அவர்களுக்கு விளங்காமல் இருக்க நியாயமில்லை. ஆனால் விளங்கியதை ஒப்புக்கொண்டால் டீக்கடைக்கு வரும் காரணமே அற்றுப்போகும் அல்லவா? அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒற்றுமைப்பட்டது ஒரே ஒரு தருணத்தில்தான். அண்ணாச்சியின் மருமகள் முறையாகிற பெண் ஒருத்தி, பெங்களூர்க் கம்பெனிக்கு மாடி அறையிலிருந்தே உத்தியோகம் பார்க்கிறவள், பார்சல் வாங்க வந்தவள், தான் தகவல் அட்டவணைகளோடு பேசும் எஸ்க்யூஎல் மொழியில் ஒரு வரியும் எழுதுவதில்லையென்றும், பைத்தானில் எழுதினால் அதை எஸ்க்யூஎல்லாகப் பெயர்த்துக் கொடுக்க ஓஆர்எம் என்று ஓர் இடைநிலைச் சாதனம் இருக்கிறதென்றும் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். இருவரும் ஒரே குரலாய், "துபாஷி வச்சா சாமிகிட்டப் பேசுறது?" என்று பாய்ந்தார்கள். "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போகணும்லா மாமா" என்று அவள் போய்விட்டாள்.

அண்ணாச்சியின் சோகத்தையும் சொல்லாவிட்டால் சித்திரம் பூர்த்தியாகாது. ஃபாக்ஸ்புரோவை உண்டாக்கிய சிறு கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 1992-ல் விலைக்கு வாங்கியபோது, ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் வாய்த்ததாக அவர் மகிழ்ந்தார். இனிமேல் புதிய பதிப்பு வராது என்று 2007-ல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு பராமரிப்பும் நின்றது. அதற்கு முன்னமே ஓர் இடி விழுந்திருந்தது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவை வேகமான புது இயந்திரத்தில் ஏற்றினால், பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய் என்று ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதாவது, இயந்திரம் மெதுவாக இருந்தவரையில் சரியாக ஓடிய புரோகிராம், இயந்திரம் சுறுசுறுப்பான குற்றத்துக்காக ஓட மறுத்தது. திருத்தம் ஒன்று பிற்பாடு வந்தது. ஆனாலும் இதை அவர் குறையாக ஏற்றதே இல்லை. "வேகம் கூடினா நிதானம் போயிரும்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு" என்பார்.

எதிராளிகளின் வீட்டில் துக்கம் விழுந்தபோது அவர் விசாரிக்கத் தவறியதும் இல்லை. மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளைச் செய்த மைக்கேல் விடேனியஸ் என்பவர், அதற்குத் தம் மூத்த மகள் மை என்பவளின் பெயரை இட்டார். அது 2008-ல் சன் கம்பெனிக்கு விலையாகி, சன்னை ஆரக்கிள் வாங்கிக்கொண்டதில் 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போயிற்று. விடேனியஸோ அதே மூலத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்தெடுத்து, இளைய மகள் பெயரால் மரியாடிபி என்று வைத்தார். "மூத்தவ போன எடம் சரியில்லை, எளையவளை வீட்டோட வச்சிக்கிட்டாரு. தகப்பன்னா அவன் தகப்பன்" என்று அண்ணாச்சி கண் கலங்கியது பரிகாசமா உண்மையா என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை.

1970-ல் ஐபிஎம்மில் இருந்த காட் என்ற கணித மேதை இந்தத் தகவல் அட்டவணைத் துறைக்கு அஸ்திவாரமிட்ட கட்டுரையை வெளியிட்டபோது, தகவல் உள்ளே எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை உபயோகிக்கிறவன் அறியவேண்டிய அவசியமே இருக்கலாகாது என்பதுதான் அவருடைய நோக்கமாக இருந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் நாம் அந்த உள்ளடுக்கைப் பற்றியே சண்டையிடுகிறோம். இதற்கு விஷயஞானம் காரணமன்று என்பது என் அபிப்பிராயம். எவன் எந்தக் கருவியில் முதன்முதலாக ஒரு கணக்கைச் சரியாக வரவழைத்து, அதற்குக் கூலியும் வாங்கினானோ, அந்தக் கருவி அவனுக்கு வாலிபத்தின் சாட்சியாகிவிடுகிறது. அதைக் குறை சொல்பவன் அவனுடைய இருபத்தைந்தாவது வயதைக் குறை சொன்னவனாகிறான். போஸ்ட்கிரெஸ் பையனுக்கும் தலை நரைக்கும். அப்போது புதிதாய் ஏதோ ஒன்றைக் கொண்டு வருகிறவனிடம், வேக்குவத்தின் மகிமையை அவன் இதே பெஞ்சில் உட்கார்ந்து உபந்நியாசம் செய்வான்.

இவ்வளவு வாதமும் உண்மையில் யார்பொருட்டு நடக்கிறதோ, அந்த ரைஸ்மில் முதலாளி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். அவர் மில்லில் ஓடுவது அண்ணாச்சியின் பழைய புரோகிராம். அதை மாற்றித் தருவதாகப் பையன் சொல்லி ஓர் அறுவடை கழிந்துவிட்டது. "எதுல வேணும்னாலும் பண்ணுங்கடே, மூட்டைக்கு ரசீது வரணும், மீனாட்சி கம்பெனிக்காரன் பாக்கி எவ்வளவுன்னு கேட்டா சொல்லத் தெரியணும்" என்று பத்திரிகையைத் தாழ்த்தாமலே சொன்னார். இரு கட்சியாரும் அவரை, வாதத்தின் சூட்சுமம் தெரியாத பாமரரென்று பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆகையால் கடையோ மில்லோ வைத்திருந்து புரோகிராம் எழுத ஆள் தேடுகிற வாசகர் யாரேனும் இருந்தால், அவருக்கு ஒரு விண்ணப்பம். எந்தக் கருவியில் எழுதப்போகிறீர் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அன்று சாயங்காலம் வரை உங்களால் கடை திறக்க முடியாது. நாளைக்கு உம்மை விட்டு வேறொருவரிடம் போனால் என் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேளுங்கள். அண்ணாச்சிக்கும் பையனுக்கும் ஒரே சமயத்தில் கோபம் வரும், இருந்தாலும் கேளுங்கள்.