காற்று யாருக்கு?

ஒரு மாதமாகவே மடிக்கணினி முனகிக்கொண்டிருந்தது. முதலில் காலை வேளைகளில் மட்டும் தொண்டையைச் செருமியது. பிறகு மேட்டில் ஏறும் ஆட்டோவைப் போல நாள் முழுக்கக் கரகரத்தது. போன வாரம் சத்தமே நின்றுவிட, அப்பாடா, தானாகச் சரியாகிவிட்டது என்று நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள், அடிப்பாகம் தோசைக்கல்லாகித் திரை அணைந்துபோனது. சத்தம் நின்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மின்விசிறிகளோடு ஐம்பது வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மாயவரத்து வீட்டுக்கு எங்கள் முதல் மேசை விசிறி வந்தது 1974 கோடையில். அதுவரை பாட்டியின் பனையோலை விசிறிதான். காற்று எங்களுக்கு, கைவலி அவளுக்கு. புது விசிறி வந்ததும் கூடத்தில் பாய் விரித்து ஐந்து பிள்ளைகளும் வரிசையாகப் படுப்போம்; கல்யாண வீட்டு வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கேட்கும் பெரியவரைப் போல, அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலையைத் திருப்பி ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டுப் போகும். அதன் முதுகில் ஒரு குமிழ் உண்டு. இழுத்துவிட்டால் தலை திரும்புவது நின்றுவிடும். எல்லோரும் தூங்கிய பிறகு பூனைபோல எழுந்து அந்தக் குமிழை இழுத்துவிட்டு, காற்று முழுவதையும் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும் ஒரு திருட்டுப்பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்திருப்பான். எங்கள் வீட்டில் அது நான்தான்.

அந்த விசிறிக்கு வந்த நோய்களெல்லாம் வீட்டு வைத்தியத்தில் அடங்கின. சத்தம் போட்டால் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. பின்னால் வந்த சீலிங் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றினால், வீட்டுக்கு வந்தவர் எவரானாலும், தபால்காரர் உட்பட, அண்ணாந்து பார்த்து "கண்டன்சர் போயிருக்கும்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் கடைத்தெருவில் வைண்டிங் கடை. அங்கே வார்னிஷ் வாசனைக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர், இறக்கையை ஒற்றை விரலால் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டு, நாடி பார்த்த வைத்தியரைப் போலத் தலையாட்டுவார். சுவரில் சாப்பாட்டு டப்பா அளவில் இருந்த ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தால் கரண்ட் மிச்சம் என்று நாங்கள் நம்பினோம். அது மிச்சத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கித் தானே தின்றுகொண்டிருந்தது. தொட்டால் கதகதப்பாக இருந்ததே, அப்போதாவது யோசித்தோமா?

1988-ல் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அத்தனை பேரும் வியர்த்த அந்தக் கட்டடத்தில் ஏசி அறை கிடைத்தது அதற்கு மட்டும்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவோம், கர்ப்பக்கிரகத்துக்குப் போவதைப் போல. இரண்டு வரிக் கடிதத்தை முக்கால் மணி நேரம் தட்டச்சு செய்த என் கடமையுணர்வை மேலதிகாரி பாராட்டியிருக்கிறார். காற்று யாருக்கு என்பது அன்றே தீர்மானமாகிவிட்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

அணைந்துபோன மடிக்கணினிக்கு விசிறி தேடி, சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, மாடல் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினேன். கடைத் தம்பி சீட்டைப் பார்க்கவேயில்லை. "பழைய ஃபேனைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார், கனெக்டர் மாறும்." தயங்கிக் கேட்டேன்: "ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா ஓடாதா தம்பி?" அவன் சிரித்த சிரிப்பில் மரியாதைக்குக் குறைவில்லை. "புதுசே மாத்திடலாம் சார்."

வீட்டில் கணினியைக் கவிழ்த்தேன். பதினோரு திருகுகள், அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம் என்பதால், பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், தட்டை அளவில் ஒரு விசிறி, ஐந்து வோல்ட். அதன் வாயில் ஆறு வருடத் தூசி கம்பளித் துண்டாக நெய்யப்பட்டிருந்தது. பக்கத்திலேயே சப்பையாக ஒரு செப்புக் குழாய். உள்ளே கொஞ்சம் நீர், சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, மறுபடி நீராகித் திரும்புகிறது. இட்லிப் பானையின் மூடியில் ஆவி முத்து முத்தாகக் கோத்துச் சொட்டுவதைத் தினமும் பார்த்த நமக்குப் புதிதில்லைதான். ஆனால் 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டியது விண்கலங்களை மனதில் வைத்து. நான் இதில் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் புது விசிறியோடு உட்கார்ந்தேன். சிப்பின் மேல் காய்ந்த சந்தனமாய் வெடித்திருந்த பழைய பசையைத் துடைத்து, பயறளவு புதுப் பசை வைத்து, குறுக்கும் மறுக்குமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்ட வரிசையில் திருகினேன். தூசி பறந்து பசையில் ஒட்டக்கூடாது என்று, மே மாதத்து நடுப்பகலில், தலைக்கு மேல் ஓடிய சீலிங் ஃபேனை நிறுத்தியிருந்தேன். மூக்கு நுனியில் திரண்ட வியர்வை போர்டில் விழாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்து வேலை பார்த்த என்னை எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "ஒரு ஃபேனை ஓடவைக்க இன்னொரு ஃபேனை நிறுத்தணுமாக்கும்?"

ஓடியது. சத்தமே இல்லை, தூக்கத்தில் குழந்தை விடும் மூச்சு போல. அன்றிரவு பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. சீலிங் ஃபேன் மெல்ல அடங்கியது. பேட்டரியின் புண்ணியத்தில், வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒரே விசிறி இதுதான். பங்கு கேட்க அண்ணன் இல்லை, தங்கைகள் இல்லை. திருட்டுத்தனமாக இழுக்கக் குமிழும் தேவையில்லை. தலையைத் திருப்பாமல் என் பக்கமே பார்த்து வீசும் ஒரு விசிறி, ஐம்பது வருடம் கழித்து, எனக்கே எனக்கென்று. ஆசையோடு முகத்தை அதன் ஓரத் துவாரத்தில் வைத்தேன்.

அனலடித்தது.