மேடையில் முதலை

களியக்காவிளை தாண்டியதும் பாறசாலை. அவ்வூர்க் கர்நாடக இசைப் பாடகி பொன்னம்மாள் 2006-ல், எண்பதை ஒட்டிய வயதில், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்ணானார். அங்கே கைதட்டக்கூட அனுமதியில்லை. ஒளியமைப்பு என்றால் எண்ணெய் விளக்கு. அத்தனை காலமும் அந்த மண்டபத்தின் கண்ணை உறுத்தியது ஒரு சேலைதான்!

அந்த எளிமைக்கு நேரெதிராக, இன்றைய எல்லையோரத் திருவிழாக் கானமேளாவில் பாடகர் அருமையாகவே பாடுகிறார், புகை இயந்திரம் விட்டுக்கொடுக்கும்போது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பைராய்த் விழாவில் 2013-ல் கதை இன்னும் மேல்: ஃபிராங்க் காஸ்டார்ஃப் இயக்கிய ‘ரிங்’ ஆபராவில், காதலர்கள் உருகிப் பாட, மேடையில் முதலைகள். இசை நடத்திய கிரில் பெட்ரென்கோவுக்கு ஆரவாரம், இயக்குநருக்கு நீண்ட கூச்சல். நெய்யாற்றங்கரைத் திருவிழாக் கமிட்டியார் காதில் இதைப் போட்டுவிடாதீர்கள். நெய்யாறு அணையில் முதலைப் பண்ணையே இருக்கிறது.