பனிதான் விசிறி

கேள்வி: என் ஸ்னோமொபைலின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் கிழிந்து கூலன்ட் ஒழுகுகிறது. வீட்டிலேயே மாற்றலாமா?
– ஒரு வாசகர், சட்பரி, கனடா

பதில்: தாராளமாக! காரின் ரேடியேட்டருக்குக் காற்று. உங்கள் வண்டிக்குப் பனிதான் விசிறி. சுழலும் பட்டை வாரியிறைக்கும் பனி, மேலே உள்ள அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பட்டு உருகும்போது கூலன்டின் சூடு இறங்குகிறது. பனித்தூள் இல்லாத வெறும் ஐஸில் ஓட்டினால் எஞ்சின் கொதிப்பது இதனால்தான்.

இந்த வேலையில் பாதி, ஆளைக் கண்ணால் பார்ப்பதற்கே ஆகிவிடும். கூலன்டை வடித்து, பின் சஸ்பென்ஷனையும் பட்டையையும் கழற்றிய பிறகுதான் முழுசாக முகம் காட்டுவார். ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுங்கள். நெம்பினால் தகடு கோணிவிடும். புதியதைப் பொருத்துமுன், பழையது ஏன் கிழிந்தது என்று தேடுங்கள். பட்டை தொய்ந்திருந்தாலோ, அதிலுள்ள ஆணி ஒன்று வளைந்திருந்தாலோ, புதியதற்கும் அதே கதிதான். கூலன்ட் ஊற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். அவசரப்படவே கூடாத கட்டம் இது.

வடித்த கூலன்டை உடனே மூடி வையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கினால் உயிரே போகக்கூடும்.