பேரைக் கேக்காதே மாப்ளே

மாப்ளே, பிட்ஸ்பர்க்குக்குத் தெக்கே வாஷிங்டன் கவுண்டியில வீடு பாத்திருக்கேன், அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு போன் போட்டே பாரு, அங்கதான் நீ என் அக்கா மகன். மூணு படுக்கையறை, பின்னால பெரிய மரம், சொந்தக் கெணத்துத் தண்ணி. எல்லாத்தையும் கோர்வையாச் சொன்னே. வேலிக்கு அந்தாண்ட எரிவாயுக் கெணறு தோண்டப்போறாங்கறத மட்டும் கடைசியில தொண்டையைக் கனைச்சுக்கிட்டுச் சொன்னே.

கவலைப்படாதே. கம்பெனிக்காரன் நல்லவன். எரிவாயு எடுக்கப் பாறையை ஒடைக்கறதுக்கு அவன் கீழே எறக்குறதுல நூத்துக்கு 99 பங்கு தண்ணியும் மணலும்தான்னு அவனே சொல்றான். மிச்சம் ஒரு பங்குதான் மருந்து. ஒரு பங்குக்குப் போயி பேரு கேக்கறதா? பென்சில்வேனியாவுல ஒரு கெணத்துக்கு 1.5 கோடி லிட்டர் தண்ணி சாதாரணம். அதுல ஒரு பங்குன்னா 1.5 லட்சம் லிட்டர். நம்மூரு 12,000 லிட்டர் டேங்கர் லாரியா வரிசையில நிறுத்துனா, பன்னண்டு லாரி போக அரை லாரி உன் வாசல்ல நிக்கும். அவ்வளவேதான்.

அந்த மருந்துக்குள்ள என்ன இருக்குமோன்னு நடுங்கவும் வேண்டாம். 2011-ல அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டிக்காரங்க 14 கம்பெனிகிட்டக் கணக்கு வாங்கிப் பாத்தாங்க. 2005-லேருந்து 2009 வரைக்கும் 2,500-க்கு மேல சரக்கு, அதுக்குள்ள 750 ரசாயனம். உப்பு இருந்துது. சிட்ரிக் ஆசிட் இருந்துது. இன்ஸ்டன்ட் காபித்தூள்கூட இருந்துது, வால்நட் ஓடு இருந்துது. அதே பந்தியில பென்சீனும் ஈயமும் எலை போட்டு உக்காந்திருந்துது. யாராவது கேட்டா காபியை முன்னால நிறுத்தணும், ஈயத்தைத் தூணுக்குப் பின்னால உக்கார வைக்கணும். பொழைக்கத் தெரிஞ்சவன் அப்பிடித்தான் செய்வான்.

நம்ம கொத்தவரங்காவும் அதுல இருக்கு தெரியுமோ? மணலைச் சுமந்துக்கிட்டுப் பாறை வெடிப்புக்குள்ள போகணும்னா தண்ணி கொழகொழன்னு இருக்கணும். அதுக்குக் கொத்தவரை விதைப் பிசின். பாதிக்கு மேல ராஜஸ்தான்லேருந்து போறது. 2012-ல அமெரிக்காக்காரன் துளைச்ச வேகத்துல இங்க கொத்தவரை விலை தலைகால் தெரியாம ஏறி, மார்ச் மாசம் அதோட முன்பேர வியாபாரத்தையே நிறுத்தி வெச்சாங்க. கொத்தவரங்கா மருந்தை முறிச்சிரும், மருந்து சாப்பிடுறவன் தொடாதேன்னு உன் பாட்டி சொல்லுவா. அங்க கதை தலைகீழ். மணலை எறக்கினதும் கொழகொழப்புப் போகணுமில்லையா, கொத்தவரையை முறிக்கறதுக்குத் தனியா ஒரு மருந்து ஊத்துறான்.

இன்னும் நம்பிக்கை வரலையா? கொலராடோ கவர்னரா இருந்தாரே ஹிக்கன்லூப்பர், அந்த மனுஷன் பாறை ஒடைக்கற தண்ணியையே குடிச்சுக் காட்டினவரு. 2013-ல செனட் கமிட்டி முன்னால அவரே சொன்னாரு, பாறை ஒடைக்கற வேலை பாக்குற ஹாலிபர்டன் கம்பெனி பெரியவங்களோட உக்காந்து ஒரு வாய் குடிச்சேன்னு. முன்னால பீர் கடை வெச்சிருந்தவரு, வாய்க்குள்ள போறதுக்குப் பயப்படுற ஆளில்லை. ஆனா அவரு குடிச்சது சாப்பாட்டுத் தொழில்ல பயன்படுற சாமானை வெச்சே தனியாத் தயாரிச்ச ஒரு சரக்கு. உன் வேலிக்குப் பக்கத்துல எறக்கப்போறதும் அதே சரக்குதானான்னு, உன் கம்பெனிக்காரன் வந்தா ரெண்டு டம்ளரை எடுத்து வெச்சுக்கிட்டு மரியாதையாக் கேட்டுப் பாரு. அவருக்கு ஒரு டம்ளர், உனக்கு ஒரு டம்ளர். முதல்ல அவரு.

சட்டம் இருக்கும்பே. இருக்கு. 1974-லேயே குடிதண்ணிப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. பூமிக்குள்ள எதை எறக்குறதுன்னாலும் அனுமதி வாங்குன்னு அது சொல்லுது. 2005-ல இன்னொரு சட்டம் வந்து, பாறை ஒடைக்கறதுக்கு எறக்கினா மட்டும் அது எறக்கினதாகாதுன்னு எழுதிட்டுது. அந்தச் சந்துக்கு ஹாலிபர்டன் ஓட்டைன்னு ஊரே பேரு வெச்சுது. அப்போ துணை ஜனாதிபதி டிக் செனி, அதுக்கு முன்னால அந்தக் கம்பெனிக்கே தலைவரு. டீசலை மட்டும் அந்தச் சலுகையில சேக்கலை. சேக்கலேன்னா விட்டுருவானா? அதே கமிட்டி பாத்த கணக்குல, அந்த அஞ்சு வருஷத்துல டீசலும் டீசல் கலவையுமா 12 கோடி லிட்டர் கீழே போயிருக்கு.

இதுல எனக்கு ஒண்ணுதான் மாப்ளே உறுத்துது. 1984 டிசம்பர்ல போபால்ல அத்தனை பேரு செத்தப்போ, என்ன வாயுன்னு தெரியாம டாக்டருங்க கையப் பிசைஞ்சாங்க. அதைப் பாத்துத்தான் அமெரிக்காக்காரன் 1986-ல சட்டம் போட்டான். ஊருக்குப் பக்கத்துல எந்த ஆலை எந்த விஷத்தை வெளியே விடுதுன்னு ஊர்க்காரனுக்குச் சொல்லியே ஆகணும்னு. நம்ம ஜனங்க செத்துக் குடுத்த சட்டம் அது. வருஷா வருஷம் ஆலைங்க குடுக்குற அந்த விஷக் கணக்குல, எண்ணெய்க் கெணறும் எரிவாயுக் கெணறும் சேராது. எவ்வளவு நாசூக்காக் கழட்டி விட்டிருக்கான் பாரு.

சரி, பேரைச் சொல்லச் சொல்லிப் பல மாநிலத்துல விதி வந்துதான் இருக்கு. 2010-ல வயோமிங் ஆரம்பிச்சு வெச்சுது. 2011-ல ஃப்ராக்ஃபோகஸ்னு ஒரு பதிவேடே தொறந்தாங்க, எந்தக் கெணத்துல என்ன ஊத்தினோம்னு கம்பெனியே எழுதும். எழுதத்தான் செய்யுது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா 39,000 பதிவுக்கு மேல பொரட்டிப் பாத்து 2015-ல சொன்னது, பத்துல ஏழு பதிவுக்கு மேல ஒரு பேராவது தொழில் ரகசியம்னு மறைச்சிருக்கு. பதினாலு பேரைச் சொல்லுவான், பதினஞ்சாவது பேருக்குப் பூட்டு. பூட்டின பேருல என்ன இருக்கும்னு கேக்காதே. வெறும் காபித்தூளா இருந்தாலும் இருக்கும்.

இன்னொரு அழகும் உண்டு. பென்சில்வேனியாவுல பாறையை ஒடைச்சு முடிச்சு 60 நாளைக்குள்ள பட்டியலைப் போட்டாப் போதும். முடிச்ச பெறகு. உன் வீட்டுல ரெண்டு மாசம் குடிச்சுத் தீத்த தண்ணிக்குப் பட்டியல் வரும், ஆற அமரப் படிச்சுக்க.

வியாதி வந்தா டாக்டர் கேக்க மாட்டாரான்னா, கேட்டாங்க. 2008-ல கொலராடோ டுராங்கோவுல, மேலெல்லாம் மருந்து தெறிச்ச கெணத்து வேலைக்காரனுக்கு வைத்தியம் பாத்த நர்ஸம்மா தானே படுத்துட்டா. சரக்குல என்னன்னு கேட்ட டாக்டருக்கு முழுப் பேரும் கிடைக்கலை. 2012-ல பென்சில்வேனியா ஒரு படி மேலே போச்சு. ரகசியப் பேரு வேணும்னா, வெளியே சொல்ல மாட்டேன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும்னு சட்டம். பாம்பு கடிச்சவனுக்கு வைத்தியம் பாக்கறவர்கிட்ட, என்ன பாம்புன்னு உங்க காதுல மட்டும் சொல்றேன், உங்க பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக்கூடாதுன்னு பாம்பாட்டி கையெழுத்து வாங்கினாப்ல. 2016-ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் இது ஒரே ஒரு தொழிலுக்குக் காட்டுற சலுகைன்னு அடிச்சுப் போட்டுது. நாலு வருஷம் எடுத்துக்கிச்சு, பரவாயில்லை, கோர்ட்டுக்கு அது வேகம்தான்.

ரகசியத்தை அவுத்து விட்டாத் தொழிலே படுத்துரும்னு அவன் அழுவான். கோலா பாட்டிலை எடுத்துக் காட்டு. உள்ள என்னென்னன்னு மேலேயே அச்சடிச்சிருக்கு, ரகசியம் வாசனைப் பொருளோட சேர்மானத்துலயும் அளவுலயும்தான். கொலராடோ 2022-ல அதைத்தான் சட்டமாப் போட்டுது. எந்தச் சரக்குல எது எவ்வளவுன்னு சொல்ல வேண்டாம், மொத்தமா என்னென்ன போட்டேங்கறத ஒளிக்காமச் சொல்லுன்னு. தொழில் படுக்கலை.

நீ பேரைக் கேட்டுச் சண்டை போடாதே மாப்ளே. ஆய்வகத்துல பேரு தெரிஞ்சதைத்தான் தேடுவாங்க, தெரியாததைத் தேட முடியாது. அது தெரிஞ்சுதான் அவனும் பேரை இறுக்கிப் பிடிக்கறான். சண்டைக்குப் பதிலா நான் சொல்றதைச் செய்யி. துளைக்கறதுக்கு முன்னால உன் கெணத்துத் தண்ணியைப் பாக்கணும்னு கம்பெனி ஆளு வருவான். விரட்டிப்புடாதே. விரட்டினா, சோதிக்கவே விடலேன்னு சொல்லி அவன் தப்பிச்சுக்க அங்க சட்டத்துலயே வழி இருக்கு. காபி குடுத்து உக்கார வை, சோதனை முடிவைக் காகிதத்துல ஒரு நகல் வாங்கிக்க. அதே நாள்ல சொந்தக் காசு போட்டு வேற ஆய்வகத்துலயும் பாத்து வை. குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், மீத்தேன் நாலையும் விடாதே. பாறைக்குள்ளேருந்து திரும்பி மேல வர்ற தண்ணி அத்தனை உப்பைச் சுமந்துக்கிட்டு வரும். ரசாயனத்துக்குப் பூட்டுப் போட்டவன் பாறை உப்புக்குப் பூட்டுப் போட முடியாது. தனியார் வீட்டுக் கெணத்தைச் சர்க்கார் வந்து சோதிக்கும்னு காத்துக்கிட்டு இருக்காதே, குடிதண்ணிச் சட்டம் உன் கெணத்தைத் தொடாது.

கடைசியா, நாளைக்கு ஒரு அளவு டேப்பும் ஒரு ஆளும் கூட்டிக்கிட்டுப் போ. உன் தண்ணிக் கெணத்துக்கும் அவன் துளைக்கப்போற எடத்துக்கும் 2,500 அடிக்குள்ள இருந்தா, வேலை முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள தண்ணி கெட்டுதுன்னா அவன்தான் காரணம்னு பென்சில்வேனியாச் சட்டமே எடுத்துக்கும். இல்லேன்னு அவன்தான் நிரூபிக்கணும். பக்கத்துல இருந்தா உனக்குச் சட்டம், தள்ளி இருந்தா உனக்கு நிம்மதி. 2,510 அடின்னு வந்துதுன்னா ரெண்டுமில்லை. அப்பிடி வந்தா அட்வான்ஸ் குடுக்காம, பல்லு வலின்னு சொல்லி வீட்டுத் தரகரை ஒரு வாரம் இழுத்தடி. உங்க அத்தைகிட்டச் சொல்லாதே, அவ ஏற்கெனவே கிரகப்பிரவேசத்துக்குப் புடவை எடுத்துட்டா.