எற்பாடும் இரங்கலும்: காட்டுப்பள்ளி டபுள்ஸில் சர்வீஸ் பற்றி ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தார். உரிப்பொருள் இரங்கல். அதாவது, கடலோரத்தில் வெயில் சாயும் வேளையில் ஒருவர் புலம்பியாக வேண்டும். உரையாசிரியர்கள் இதற்குத் தலைவியை எடுத்துக்காட்டினார்கள். டென்னிஸ் பார்க்க வாய்க்காதவர்கள், வேறு வழியில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் மாலை ஐந்து மணி டபுள்ஸ் பார்த்தவர்களோ, டபுள் ஃபால்ட் செய்துவிட்டு ராக்கெட்டின் நரம்பைத் தடவிக்கொண்டு நிற்கும் ஐம்பது வயதுப் பொறியாளரைத்தான் காட்டுவார்கள்.

ஆய்வுக்களம் இதுதான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், 2010 முதல் இயங்கும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்க் குடிநீர் ஆலை. சற்றுத் தெற்கே அனல்மின் நிலையம். ஷிஃப்ட் முடிந்த மனிதர்கள் நால்வர் சேர்ந்தால் ஒரு கோர்ட் நிறைந்துவிடும். எந்தக் குடியிருப்பின் கோர்ட் என்பதை ஆய்வு நெறி கருதியும் இடமாற்றத்துக்கு அஞ்சியும் மறைத்திருக்கிறேன்.

முன்னோர் கூற்று முதலில். டபுள்ஸ் நூலோர் அனைவரும், முதல் சர்வீஸை நடுக்கோட்டை ஒட்டி ஆழமாக இறக்கு, திரும்பி வரும் பந்தை நெட்டில் நிற்கும் பார்ட்னர் கொன்றுவிடுவார் என்கிறார்கள். உள்ளூர்ச் சிந்தனை மரபு இதை ஏற்பதில்லை. “உள்ள போடுங்க சார், போதும்” என்பதே அதன் முழுச் சித்தாந்தம். இதை இளப்பமாக எண்ணக் கூடாது. மென்மையான சர்வீஸுக்குப் பேர்போனவர் நம் ராமநாதன் கிருஷ்ணன். அந்தச் சர்வீஸை வைத்துக்கொண்டே 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1966 டேவிஸ் கோப்பை இறுதியில், மெல்போர்னில், ஜெய்தீப் முகர்ஜியாவுடன் சேர்ந்து நியூகோம்ப், ரோச் இணையை டபுள்ஸில் வீழ்த்தினார். 4–1 என்று தோற்ற இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒன்று இதுதான். தோற்ற ரோச் இடதுகைக்காரர் என்பதை வாசகர் நினைவில் வைக்கவும், பின்னால் தேவைப்படும்.

உள்ளே போடுவதில் உயிர்காப்புக் கூறும் உண்டு. விதிப்படி, சர்வீஸ் பந்து தரையைத் தொடுமுன் எதிரணியில் எவர் மேல் பட்டாலும் பாயிண்ட் நமக்கு. சொந்தப் பார்ட்னர் பிடரியில் பட்டால் வெறும் ஃபால்ட். பிடரிக்கு உரியவர் நம் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் என்றால் என்ன கணக்கு என்று விதிநூல் சொல்லவில்லை.

இனி மையக் கருத்து. கோர்ட் வடக்கு தெற்காக நீள்கிறது. வெயில் கண்ணைக் குத்தாதிருக்க எங்கும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் சர்வீஸ் போடுபவர் பக்கவாட்டில் திரும்பி நின்று அண்ணாந்து பார்ப்பவர். வலதுகைக்காரர் தெற்கு நோக்கிப் போட்டால் அவர் மார்பு மேற்கே திரும்பும்; மாலைச் சூரியன் நேரே கண்ணில். வடக்கு நோக்கிப் போட்டால் சூரியன் முதுகுக்குப் போய்விடும். இதோடு கிழக்கிலிருந்து கொண்டல் வீசுகிறது. 30–40 என்ற கண்டத்தில் சர்வீஸ் எப்போதும் இடப்பாதியிலிருந்துதான். தெற்கு நோக்கி நிற்பவருக்கு அங்கே காற்று பந்தை வெளிக்கோட்டுக்கு அப்பால் தள்ளும். வடக்கு நோக்கியவருக்கோ அதே காற்று நடுக்கோட்டுக்குத் தள்ளி உதவி செய்யும். (ஆனி, ஆடி மேல்காற்று தனிக் கட்டுரைக்குரியது. நிலக்கரித் தூசியில் பந்து கறுப்பது ஆய்வுக்கே உரியதல்ல, முறையீட்டுக்கு உரியது.)

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒற்றைப்படை ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறுகிறோம். நால்வரும் முறைவைத்துச் சர்வீஸ் போடுகிறோம். காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: டபுள்ஸில் ஒருவர் அந்த செட் முழுக்க ஒரே முனையிலிருந்துதான் சர்வீஸ் போடுகிறார். சிங்கிள்ஸில் இப்படி இல்லை. மேலும், ஒவ்வொரு அணியிலும் ஒருவர் வடக்கு நோக்கியும் மற்றவர் தெற்கு நோக்கியும் அமைவார்கள். ஆகவே முறையான இணை என்பது வடக்கு நோக்கி ஒரு வலதுகை, தெற்கு நோக்கி ஒரு பீச்சாங்கை. இடதுகைக்காரருக்கு அங்கே சூரியன் முதுகில்.

அறிவியல் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் முதல் சர்வீஸ் பதவியில் மூத்தவருக்கே. “சார், நீங்க ஆரம்பிங்க.” முதல் ஆட்டம் தெற்கு நோக்கி அமைந்துவிட்டால், டிரெய்னியாகச் சேர்ந்த பீச்சாங்கைப் பையன் அந்த செட் முழுக்க வடக்கு நோக்கி, சூரியனைப் பார்த்தபடியே போட வேண்டும். சாரும் மறுமுனையில் அதே சூரியனைப் பார்ப்பார். அடுத்த செட்டில் வரிசையை மாற்றலாம் என்று விதி அனுமதிக்கிறது. “சார், நீங்க செகண்ட் போடுங்களேன்” என்று சொல்ல எந்த விதியும் துணிவு தருவதில்லை. சூரியனைக் குறை சொல்லலாம், கொண்டலைக் குறை சொல்லலாம். கிரேடு முறையைக் கோர்ட்டுக்குள் குறை சொன்னவரை நான் பார்த்ததில்லை.

எனவே, சாரை நகர்த்தாமல் முனையை நகர்த்துவதே என் பரிந்துரை. இரு அணிகளின் முதல் சர்வர்களும் ஒரே திசை நோக்குவார்கள் என்பதால், இரு பக்கமும் வலதுகை மேலதிகாரிகள் இருக்கும்வரை இருவர் நலனும் ஒன்றே. டாஸில் யார் வென்றாலும் முதல் ஆட்டம் வடக்கு நோக்கி என்று தேநீர் நேரத்திலேயே பேசி முடித்துவிடலாம். எதிரணிச் சார் பீச்சாங்கைக்காரராக இருந்தால் மட்டும் இந்த ஒப்பந்தம் முறியும். அன்றைக்கு ராக்கெட்டைச் சுழற்றி “அப்பா, டவுனா?” என்று கேட்பவர் நம் ஆளாக இருப்பது நல்லது.